போனவர்கள் விட்டுப்போன வாய்கள்

எங்கள் வீட்டில் நாயையோ பூனையையோ விலை கொடுத்து வாங்கியவர் எவருமில்லை. ஆசைப்பட்டுத் தேடிக் கொண்டுவந்தவரும் இல்லை. பர்மாவின் யாங்கோன் (பழைய ரங்கூன்) நகரத்தின் நடுப்பகுதியில், அனோரட்டா சாலைக் காளி கோயிலிலிருந்து காலார நடந்து போகும் தூரத்தில், முன்புறமும் பின்புறமும் மட்டுமே வெளிச்சம் வரும் நீளமான ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். அந்த வீட்டுக்குள் நாலு காலோடு வந்து சேர்ந்த ஒவ்வோர் உயிரும், ஊரைவிட்டோ நாட்டைவிட்டோ போன யாரோ ஒருவர் எங்களிடம் விட்டுப்போனதுதான். போகிறவர்கள் அண்டா, குண்டான், தையல் இயந்திரம், சாமிப் படம் ஆகியவற்றை யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். நாயைப் பற்றிய பேச்சு மட்டும் கடைசி நாளன்று, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் வரும்.

எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது. ஏணியைப் போலச் செங்குத்தான படிக்கட்டில் எதற்கெடுத்தாலும் இறங்கி ஏற முடியாது என்பதால், ஒவ்வொரு வீட்டின் முகப்பிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் காகிதத்தைப் பிடிக்கும் இரும்புக் கவ்வி ஒன்று இருக்கும். மேல் முனையில் சிலர் சிறு மணியும் கட்டியிருப்பார்கள். செய்தித்தாள் போடுபவர் தாளைக் கவ்வியில் மாட்டிவிட்டுக் கயிற்றைச் சுண்டினால் மேலே மணி அடிக்கும்; நாம் இழுத்துக்கொள்ளலாம். சாமானை மேலே ஏற்றுவதற்கென்று ஏற்பட்ட இந்தக் கயிற்றை என் அப்பத்தா கீழே இறக்குவதற்குப் பயன்படுத்தினார். மாலை ஐந்து மணிக்கு, ஆறிய சோற்றை வாழையிலைத் துண்டில் பொதிந்து, கவ்வியில் மாட்டி, தெருவில் காத்திருக்கும் நாய்களுக்கு அனுப்புவார். பதினைந்து, இருபது கயிறுகள் தொங்கும் தெருவில் எங்கள் கயிறு எது என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. ஒரு செவலை நாய் பசி பொறுக்காத நாளில் கயிற்றைக் கவ்வி இழுத்து மணியடித்தது என்று அப்பத்தா சொன்னதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் அதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லும் பர்மியக் கிழவர் ஒருவர் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்.

அப்பத்தாவின் பேச்சில் ஒரு பிடிவாதம் உண்டு. எல்லாரும் 'நாய்க்குச் சோறு போடு' என்பார்கள்; அவர் 'சோறு வை' என்றே சொல்வார். சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தில் மிஞ்சிய வட்டார வழக்கு அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேட்டபோது, "போடுறது பிச்சை, வைக்கிறது சாப்பாடு. அது இன்னொருத்தவுக வீட்டுப் பிள்ளை. நம்மகிட்ட விட்டுட்டுப் போயிருக்காக" என்றார். அந்த இன்னொருத்தர் யார் என்பது 1964-ஆம் ஆண்டுக் கதை.

1962 மார்ச்சில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில், வங்கிகள் தொடங்கி மளிகைக் கடைகள்வரை அரசுடைமையாயின. 1964 மே 17 அன்று ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடையும் வீடுமாக இருந்தவர் தாத்தாவின் அண்ணன். நாங்கள் பெரிய தாத்தா என்போம். கடை போய், கையிருப்பும் போய், அவர் குடும்பத்தோடு மதராசுக்குக் கப்பலேறினார். நகையையும் பணத்தையும் எண்ணி அளந்து வெளியே விட்ட துறைமுகத்தில் நாயை ஏற்றலாமா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வீரன் என்ற அந்தக் கறுப்பு நாய்க்கு அப்போது மூன்று வயது. புறப்பட்ட காலையில் பெரிய தாத்தா அதற்குத் தம் கையாலேயே சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, மீதியைத் தட்டில் வைத்து, அது குனிந்து தின்றுகொண்டிருக்கும்போதே தெருவில் இறங்கிவிட்டாராம்.

வீரன் துறைமுகத்துக்கு ஓடிப்போய்க் கரையிலேயே காத்துக்கிடந்தது என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அது இரண்டு நாள் பூட்டிய கடைப் பலகைக்கு முன்னால் படுத்திருந்தது; மூன்றாம் நாள் படியேறி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து சோற்றுக்குப் பார்த்தது. அப்பத்தாவுக்கு இதில் சிறு மனக்குறைகூட உண்டு. வளர்த்தவர்களை நினைத்து இன்னும் ஒரு வேளையாவது பட்டினி கிடந்திருக்கக் கூடாதா என்பார். பகலெல்லாம் அது தெருவில் பர்மியப் பிள்ளைகளோடு திரிந்ததால், அவர்கள் 'லா' என்றால் வந்தது, 'துவா' என்றால் போனது. இரண்டு ஆண்டுகளில் 'வீரா' என்று நாங்கள் கூப்பிட்டால் காதை மட்டும் அசைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தனியார் பள்ளிகளும் அரசுடைமையாகி, தமிழ் வீட்டுக்குள் மட்டும் பேசும் மொழியாகச் சுருங்கிய அதே காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதேதான் நடந்துகொண்டிருந்தது என்பதால், நாயை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. 1968 மழைக்காலத்தில் வீரன் இறந்தது. நாலு நாள் தின்னவில்லை, ஐந்தாம் நாள் எழவில்லை என்பதற்கு மேல் அந்தக் காலத்தில் யாரும் காரணம் தேடவில்லை.

அப்பத்தா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியில் மதராசிலிருந்து வந்த நீல நிற வான்கடிதங்கள் கிடைத்தன. உடல்நலம், கல்யாணம், ரேஷன் அரிசி என்று எல்லாவற்றையும் எழுதி முடித்து, மடிக்கும் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் பெரிய தாத்தா ஒவ்வொரு தடவையும் ஒரே வரியை எழுதியிருந்தார்: 'வீரன் சுகமா?' 1981-ஆம் ஆண்டுக் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. அப்பத்தா அனுப்பிய பதில்கள் என்னிடம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல அவற்றை எழுதிக் கொடுத்தவர் என் அப்பா. "ஆத்தா சுகம்னுதான் எழுதச் சொல்லும். அது செத்துப் பத்து வருசமாச்சேன்னு ஒரு தடவை சொன்னேன். 'அவுக கேக்குறது நாயையா?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டுச்சு" என்றார் அப்பா. பெரிய தாத்தா கணக்கெழுதிப் பிழைத்தவர். ஒரு நாயின் வயதைக் கூட்டிப் பார்க்கத் தெரியாதவர் அல்லர்.

இங்கிருந்து போனவர்கள் எல்லாரும் மனிதர்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஜோசப் தாம்சன் என்ற மருத்துவரால் 1930-இல் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்த வோங் மாவ் என்ற பழுப்பு நிறப் பெண்பூனைதான், இன்று உலகப் பூனைக் கண்காட்சிகளில் 'பர்மியப் பூனை' என்று வைக்கப்படும் இனத்தின் மூலத்தாய். அதே 1930 மே மாதத்தில்தான் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. இருந்தவர்கள் அந்நியர் ஆனார்கள். போன பூனை நாட்டின் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்டது. எங்கள் பின்சந்தில் எலி பிடித்துத் திரியும் பூனைகளுக்கு அந்த இனத்தின் சாயல் கொஞ்சமும் இல்லை. அவை சாம்பலும் வெள்ளையும் மூவண்ணமுமாக, வால் நுனியில் முடிச்சு விழுந்தது போலக் குட்டையாக இருக்கும்.

நாய்ச்சோறு வடிக்கும் முறை அப்பத்தாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து எனக்கும் வந்தது. வீட்டில் ஒன்று, தெருவில் ஐந்தாறு என்று வாய்கள் இருக்கும்போது நல்ல அரிசி கட்டுப்படியாகாது, ஆகவே குருணைதான். அரிசிக் கடையில் அதைத் தனி மூட்டையாகவே வைத்திருப்பார்கள். கெட்டிப்பால் டின்னால் அளந்து மூன்று டின் குருணை, அரை வீசை கோழிக்கால், ஒரு கீற்றுப் பூசணிக்காய், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், உப்பு வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பானையில் குழைய வேகவிட்டு, ஆறியதும் கோழிக்கால் எலும்புகளைக் கையால் ஆய்ந்து எடுத்துவிட வேண்டும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இந்த ஆய்கிற வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். வீட்டில் யாருக்கும் பிடிக்காத வேலையும் இதுதான். வீசை என்ற அளவு தமிழ்நாட்டில் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. இங்கே சந்தையில் அது பெய்த்தா என்ற பர்மியப் பெயரோடு 1.63 கிலோவாக இன்றும் நடமாடுகிறது. நாங்கள் மட்டும் வீசை என்றே சொல்லி மீனும் கோழியும் வாங்குகிறோம்.

நாய்க்குச் சோறு ஆகாது, இறைச்சிதான் அதன் உணவு என்று படித்த பிள்ளைகள் சிலர் எங்களைத் திருத்த முயன்றதுண்டு. ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்குரிய மரபணுவின் பிரதிகள் நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதாக 2013-இல் எழுதினார்கள். மனிதன் கொட்டியதைத் தின்று தின்று அது நம் சோற்றுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த அன்று அப்பத்தாவின் குருணைப் பானைக்குச் சான்றிதழ் கிடைத்தது போல மகிழ்ந்தேன்.

ஆனால் அந்தப் பானையோடு சேர்த்து நாங்கள் செய்துவந்த தவறு ஒன்றும் இருந்தது. பர்மியச் சமையலில் கறி என்றால், இடித்த வெங்காயத்தை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வதக்குவதுதான் அடிப்படை. எங்கள் அடுக்களையும் இரண்டு தலைமுறைக்குள் அதற்கு மாறிவிட்டது. கறிச்சட்டியை வழித்துச் சோற்றோடு பிசைந்து அனுப்பினால் நாய்கள் இலையையும் சேர்த்துத் தின்னும் என்பதால் நாங்களும் மகிழ்ந்து அனுப்பினோம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதும், பூனைக்கு அவை அதைவிடக் கேடு என்பதும் எனக்குத் தெரியும்போது முப்பது வயதாகிவிட்டது. வாயும் ஈறும் வெளுத்து, படியடியில் சுருண்டு கிடந்த நாய்கள் சிலவற்றின் முகங்கள் அன்றிரவு நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு வேறு நோயும் இருந்திருக்கலாம். எங்கள் சட்டியும் காரணமாக இருந்திருக்கலாம்.

பூனைக்கு நாயின் சலுகை கிடையாது. அது இறைச்சியும் மீனும் தின்றே தீர வேண்டிய பிறவி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதுமான அளவு தானே செய்துகொள்ளாது. அது உணவில் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும் என்று 1975-இலும், இதயத் தசை தளரும் என்று 1987-இலும் கண்டறிந்தார்கள். பால்சோறு தின்று வளர்ந்த பழைய காலப் பூனைகள் பிழைத்தது பின்சந்து எலிகளின் புண்ணியம்தான். தாத்தா குடித்து வைத்த டீக்குவளையின் அடியில் படிந்திருக்கும் கெட்டிப்பாலை ஒரு பூனை நக்கியெடுக்கும். இனிப்புக்கு அலைகிறது என்று வீடே அதைக் கேலி செய்யும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அதை அறிவதற்கான மரபணு அதனிடம் செயலிழந்து கிடக்கிறது என்பது 2005-இல் வெளிவந்த செய்தி. அந்தப் பூனை தேடியது பாலின் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும். கேலி செய்த யாரும் அப்போது உயிரோடில்லை.

சின்னி வந்த கதையைச் சொல்ல வேண்டும். 2008 மே 2-ஆம் தேதி ஐராவதி டெல்டாவில் கரையேறிய நர்கிஸ் புயல் அன்றிரவே யாங்கோன்மீதும் பாய்ந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். எதிர்வீட்டில் தனியாகக் குடியிருந்த பர்மியப் பெண்மணிக்குச் சொந்த ஊர் அந்த டெல்டாவிலுள்ள லபுட்டாப் பக்கம். புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், உள்ளங்கை அளவு பூனைக்குட்டி ஒன்றைத் துணிப்பையில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு வேறு ஆள்கள் வந்து வீட்டைத் திறந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள். பூனையைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தருவதற்கு மனமில்லை என்பதுதான் உண்மை.

சின்னி எங்களோடு பதின்மூன்று ஆண்டுகள் இருந்தது. 2021 ஜூலையில் கொரோனாவின் பேரலை இந்த நகரத்தை அடித்தபோது, ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு மக்கள் வரிசையில் நின்ற அந்த வாரங்களில், எங்கள் வீட்டில் நாலு பேரும் காய்ச்சலில் கிடந்தோம். சின்னியும் சுருண்டு படுத்தது, தொட்டால் சுட்டது. அம்மா தம் தலைமாட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்து, தண்ணீரில் கரைத்து, பிள்ளைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போலப் புகட்டினார். அந்த மருந்தை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே அதைக் கொல்லப் போதும். மாலைக்குள் முகம் வீங்கி, ஈறு பழுப்பேறி, மூச்சு இழுத்து, விடிவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் அந்த மாதம் செத்தது அது ஒன்றுதான். காரணத்தை நான் பல மாதங்கள் கழித்துத் தற்செயலாகப் படித்தேன். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்து, உண்மையை மறைக்கக் கூடாது என்ற நியாயத்தில் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் தமக்குத் தலைவலி வந்தாலும் அந்த மாத்திரையைப் போடுவதில்லை. சொல்லியிருக்க வேண்டாம்.

தெருநாய்களின் சாவு வேறு வகை. சில ஆண்டுகளில், சில இரவுகளில், யாரோ வைத்துவிட்டுப் போன இறைச்சித் துண்டைத் தின்று அவை விடியற்காலையில் விறைத்துக் கிடந்திருக்கின்றன. வைத்தவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நாய்க்கடிக்கு அஞ்சுகிறவர்களின் அச்சம் பொய்யுமல்ல. வெறிநோயின் அறிகுறி மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. என்னையும் ஒரு நாய் கடித்திருக்கிறது. சோற்றுக்குச் சண்டையிட்ட இரண்டின் நடுவே கையை விட்டது என் மடத்தனம். சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். இருந்தாலும், நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவந்தால் நோய்ச் சங்கிலி அறும் என்பதும், ஒரு தெருவின் நாய்களைக் கொன்றால் அடுத்த தெருவின் நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் உலகம் முழுவதும் தெரிந்த செய்திகள்.

2021 பிப்ரவரியில் இராணுவம் மறுபடியும் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு இளையவர்கள் நாட்டைவிட்டுப் போகத் தொடங்கினார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவை அறிவிக்கப்பட்டதும் அது பெருக்கெடுத்தது. போகிறவர்களின் நாயும் பூனையும் முதலில் உறவினர் வீட்டுக்கும், பிறகு தெரிந்தவர் வீட்டுக்கும், எதுவும் வாய்க்காவிட்டால் பௌத்த மடத்துக்கும் போகும். மடத்து வாசலில் விட்டால் பிச்சையெடுத்து வந்த சோற்றில் பிக்குகள் ஒரு பிடி வைப்பார்கள் என்ற நம்பிக்கை இந்நாட்டில் பழையது. பூனை என்பதற்கும் மடம் என்பதற்கும் பர்மியத்தில் ஏறக்குறைய ஒரே சொல்தான். குரலை ஏற்றி இறக்குவதில் மட்டுமே வேறுபாடு. பள்ளிக்கூடத்துக்கும் மடத்துக்குரிய அதே சொல் என்பதால், சிறுவயதில் நான் குரலைப் பிழையாக இறக்கி, 'பூனைக்குப் போகிறேன்' என்று சொல்லிப் பலமுறை கேலிக்கு ஆளாகியிருக்கிறேன். இன்று பூனைக்கூடையோடு மடத்துக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது அந்தப் பிழை நினைவுக்கு வருகிறது.

ஷ்வே என் சித்தி மகனுடைய நாய். சித்தி காலமான பிறகு அவனும் நாயும் மட்டுமே அந்த வீட்டில் இருந்தார்கள். 2024 ஜூன் மாத இரவொன்றில், நாயின் தட்டு, தடுப்பூசிப் புத்தகம், தான் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று ஆகியவற்றோடு அவன் அதை மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து விட்டான். மறுநாள் எல்லையைத் தாண்டி, இப்போது பாங்காக் புறநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஷ்வே என்றால் பர்மியத்தில் பொன், நிறத்துக்கேற்ற பெயர். அம்மாவின் வாயில் அது மூன்றே நாளில் சுப்பையா ஆகிவிட்டது. வீரனைப் போல இது பெயரைப் பற்றிப் பிணங்கவில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் வந்தது. வயது பத்தாகியிருந்ததால் படியிறங்க மட்டும் தயங்கும். காலையும் மாலையும் நான் பின்னங்கால்களுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க, இருவருமாக இறங்குவோம்.

மின்சாரம் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் மிகுந்த நகரத்தில் ஒரு நாய்க்குச் சமைப்பது தனி வேலை. குளிர்ப்பெட்டி இருந்தும் பயனில்லை என்பதால் கோழிக்காலை அன்றன்று வாங்கி அன்றே வேகவைக்க வேண்டும். கரண்ட் நள்ளிரவில் வந்தால் கட்டடம் முழுவதும் விழித்துக்கொண்டு தண்ணீர் ஏற்றும், துணி துவைக்கும், அரிசி களையும். கரி விலை ஏறியபோது இரண்டு நாளைக்கு ஒரு முறை வடித்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் சோறு நீர்விட்டுப் புளித்தது. ஷ்வே அதை முகர்ந்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வையில், நாங்கள் மறுபடியும் அன்றாடத்துக்கே திரும்பினோம். தெருவிலுள்ளவை புளித்த சோற்றையும் தின்றன என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த ஆண்டு மழை தொடங்கும்போது ஷ்வே தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடிக்க ஆரம்பித்தது. பிறகு வாயில் நவச்சார நெடி; சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிறுநீரகம் போய்விட்டது என்றார் மருத்துவர். தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தார்; பிடரித் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்த வேண்டும். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. வலிக்காமல் முடித்துவிட ஒரு ஊசி உண்டல்லவா என்று கடைசியில் கேட்டேன். தாம் அதைச் செய்வதில்லை, உயிரைப் பறிப்பது தம் சீலத்துக்கு ஆகாது என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு உள்ளூர ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவின் முகத்தில் நிம்மதி தெரிந்ததைப் பார்த்து ஆத்திரம் அடங்கிற்று. அரை மாத்திரையை மறக்காத கைக்கு இன்னொரு முடிவை எடுக்கும் வலு இல்லை.

கடைசி இரவில் அம்மா கோழி ஈரலை வேகவைத்து, அந்தத் தண்ணீரை மட்டும் வடித்து, ஆற்றி, உள்ளங்கையில் ஊற்றி நீட்டினார். அது இரண்டு கரண்டி அளவு நக்கிற்று. பக்கத்தில் வைத்த சோற்றைத் தொடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்து எல்லா வீட்டு விளக்கும் ஒன்றாக எரிந்தபோது பார்த்தோம், மூச்சு நின்றிருந்தது.

நகரத்து நடுவில் ஒரு நாயைப் புதைக்க ஒரு சாண் மண் கிடையாது. தன்லினில் உறவினர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. குருணைச் சாக்கில் பழைய போர்வையையும் அந்தச் சட்டையையும் சுற்றிக் கிடத்தி, மூன்று மாடி இறக்கி, தெருமுனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு டாக்சிகள் சாக்கில் என்ன என்று கேட்டுவிட்டு ஏற்ற மறுத்தன. மூன்றாவது ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். பகோ ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, எங்கள் வீட்டு நாயும் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றார். தோப்பில் மூன்றடிக்கு மேல் ஆழமாகத் தோண்டச் சொன்னோம். மேலோட்டமாகப் புதைத்தால் மற்ற நாய்கள் கிளறிவிடும். அடியில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அம்மா தாமே முதல் மண்ணைத் தள்ளினார்.

தம்பி ஒவ்வொரு இரவும் வேலை முடிந்து கூப்பிட்டு, திரையில் நாயைக் காட்டச் சொல்வான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கரண்ட் இல்லை, காட்ட முடியாது என்றேன். மறுநாள் இணைப்புச் சரியில்லை என்றேன். இந்த ஊரில் இவ்விரண்டையும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்பத்தா பதின்மூன்று வருடம் எழுதிய பொய்யை ஒரு காலத்தில் நான் கோழைத்தனம் என்று நினைத்ததுண்டு. ஐந்து இரவுகளுக்கு மேல் என்னால் அதைத் தாங்க முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. ஆறாவது இரவு அவன் நாயைக் காட்டச் சொல்லவில்லை.

"அக்கா, ஷ்வே போயிருச்சா?"

"ஆமாப்பா. வெள்ளிக்கிழமை."

அவன் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்படி, ஏன், டாக்டர் என்ன சொன்னார் என்று எதையும் கேட்கவில்லை.

"கடைசியா என்ன சாப்பிட்டுச்சு?"

"ஈரல் வேகவெச்ச தண்ணி. ரெண்டு கரண்டி. சோறு வெச்சோம், தொடலை."

"யாரு வெச்சது?"

"அம்மா."

"பெரியம்மாவா? தட்டுலயா, கையாலயா?"

"கையாலதான்" என்றேன்.